மைனஸ் எண்பது

காவிரித் தண்ணீருக்காகக் கர்நாடகம் முழுக்க பந்த் என்று அறிவித்திருந்த அன்று, பெங்களூர் ஆய்வுக்கூடத்துக்கு மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். டாக்டர் சங்கமித்ரா தானே கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். அவளிடம் ஆராய்ச்சி உதவியாளராக இருந்த வீணாவுக்கு வீடு ஜோகுபாளையத்தில்தான், நடந்தே வந்துவிட்டாள். கூடத்து உதவியாளர் தாஸ் கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர். ரயில் ஓடுமோ ஓடாதோ என்று முந்தின நாளே செக்யூரிட்டி அறையில் தங்கிக்கொண்டார்.

பையைக்கூடக் கீழே வைத்திருக்கவில்லை சங்கமித்ரா. தாஸ் உள்ளேயிருந்து வந்தார்.

"மேடம், கொஞ்சம் வந்து பாருங்க. ஒண்ணாம் நம்பர் டேங்க் வேர்க்குது."

அவள் ஓடினாள். ஆள் இடுப்பு உயரத்துக்கு நிற்கும் அலுமினிய டேங்கின் கழுத்தைச் சுற்றி வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. தரையில் சின்னதாக ஒரு தண்ணீர்க் குட்டை. தொட்டுப் பார்த்தாள். விரல் ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்த டேங்குக்கு இரட்டைச் சுவர். நடுவில் காற்றே இருக்காது. அதனால்தான் உள்ளே திரவ நைட்ரஜன் மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில் கிடந்தாலும் வெளிப்பக்கம் சாதாரண அண்டாவைப்போல இருக்கும். வெளியே பனி பிடித்தால் சுவருக்குள் காற்றுப் புகுந்துவிட்டது என்று பொருள். பிறகு நைட்ரஜன் நிற்காது; கொதித்துக் கொதித்து ஆவியாகிவிடும். தாஸ் அளவுக்கோலை உள்ளே விட்டு எடுத்துக் காட்டினார். அடியில் ஒரு சாண்கூட இல்லை.

"நேத்து சாயங்காலம் பாத்தப்ப ஃபுல்லா இருந்துச்சு மேடம்."

"தெரியும் தாஸ்."

அந்த டேங்கில் இருந்தது அவளுடைய ஆராய்ச்சி மட்டுமில்லை. பக்கத்துப் புற்றுநோய் மருத்துவமனைக்கு வந்த இளம்பெண்களின் சினைப்பைத் திசு அதில் இருந்தது. கீமோ மருந்து உடம்பிலுள்ள புற்றை அழிக்கும்போது சினைப்பையிலிருக்கும் கருமுட்டைகளையும் சேர்த்து அழித்துவிடும். அதனால் சிகிச்சை ஆரம்பிக்கும் முன்பே சினைப்பையில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து, மெல்லிய கீற்றுகளாக்கி, உறையவைத்துக் காப்பாற்றுவார்கள். நோய் தீர்ந்து, அந்தப் பெண் குழந்தை வேண்டும் என்று வரும் நாளில் அதையே அவள் உடம்பில் திரும்பத் தைத்துவிடலாம். வேறு ஊர்களில் இதைச் செய்து குழந்தைகளே பிறந்திருந்தன. இங்கே அதைச் செய்யும் நிலைக்கு வரச் சங்கமித்ராவுக்கு இருபது வருஷம் ஆகியிருந்தது.

அவளுடைய அப்பா குணசேகர் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூரில் ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு நின்று மகளைப் படிக்கவைத்தார். எம்.எஸ்ஸி. படிக்கும்போது ஹாஸ்டலில் அவளோடு ஒரே அறையில் ரோஸ்லின் என்று லிங்கராஜபுரத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். ரத்தப் புற்று வந்து, பிழைத்தும் விட்டாள். ஆனால் மாதவிலக்கு நின்றுபோனது. நிச்சயமாகியிருந்த கல்யாணமும் நின்றது. ரோஸ்லின் டாக்டரிடம் அதைக் கேட்டபோது சங்கமித்ராவும் கூட இருந்தாள். "உயிர் பிழைச்சதே பெரிய விஷயம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார் டாக்டர். 

அதன் பிறகு சங்கமித்ரா வேறெதையும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளவில்லை. விடியற்காலையில் டேனரி ரோட்டு அறுப்புக்கூடத்துக்குப் போய், தெர்மாஸ் பிளாஸ்க்கில் ஆட்டுச் சினைப்பை வாங்கி வந்து உறையவைத்துப் பழகினாள். ஆரம்பத்தில் உருக்கியதெல்லாம் கஞ்சியாகத்தான் வந்தது. 'இங்கே பிள்ளைகளுக்கா பஞ்சம், பிறப்பதைத்தானே குறைக்கவேண்டும்' என்று ஒரு கமிட்டியில் ஒருவர் சிரித்தார். அனுமதி கிடைப்பதற்குள் அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. இப்போது முதல் முறையாக, வருகிற திங்கட்கிழமை, ஷில்பா என்ற பெண்ணுக்கு அவளுடைய திசுவைத் திரும்ப வைக்க அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தது. அந்தத் திசு இந்த டேங்கில்தான் இருந்தது.

பக்கத்தில் இரண்டாம் நம்பர் டேங்க் நின்றது. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது நிறைந்திருந்தது. அதில் இருந்தது வீணாவின் வேலை.

வீணா ஆட்டின் முதிராத கருமுட்டைகளைக் கண்ணாடிபோல நொடியில் உறையவைத்து, உருக்கிய பிறகு முதிரவைக்க ஒரு புதுக் கரைசல் கண்டுபிடித்திருந்தாள். வயதுக்கே வராத சிறுமிகளுக்குப் புற்று வந்தால் நாளைக்கு அதுதான் வழி. நான்கு வருஷத்து முட்டைகள் அந்த டேங்கில் இருந்தன. அடுத்த மாதம் நிதி கொடுப்பவர்கள் பார்க்க வருகிறார்கள். அவர்கள் முன்னால் உருக்கிக் காட்டவேண்டியதும் அவற்றைத்தான்.

"ரிசர்வ் கேன்ல எவ்ளோ இருக்கு?" என்று கேட்டாள் சங்கமித்ரா.

"பாதி. இன்னைக்குத்தான் லோடு வரணும்" என்றார் தாஸ். "ஓசூர்லருந்து வண்டி கிளம்பிடுச்சாம். பார்டர்ல நிக்குது. தமிழ்நாட்டு நம்பர் பிளேட். உள்ள விடமாட்டாங்க."

சங்கமித்ரா போனை எடுத்தாள். ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கால்நடைத் துறை ஆபீஸ் மூடியிருந்தது. தெரிந்த கருத்தரிப்பு கிளினிக் ஒன்றில் எடுத்தார்கள். எங்களுக்கும் லோடு வரவில்லை, இருப்பது எங்கள் பேஷண்டுகளின் கருவுக்கே போதாது என்றார்கள். மருத்துவமனை ஆம்புலன்ஸைக் கேட்டாள். பந்த் நாளில் ஆம்புலன்ஸ் நோயாளிக்குத்தான், சிலிண்டருக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார் பொறுப்பாளர். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

போனை வைத்தபோது என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீணாவுக்கும் தெரிந்திருக்கவேண்டும். அவள் இரண்டாம் டேங்குக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தாள்.

"வீணா, பேஷண்ட் சாம்பிளெல்லாம் ரெண்டாவது டேங்குக்கு மாத்தணும்."

"அதுல இடமில்லையே மேடம்."

"உன்னோடத எடுத்து ஒண்ணாவதுல போடலாம். ரிசர்வ் கேன்ல இருக்கறத அதுல ஊத்திடறேன். மத்தியானம் வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள நான் நைட்ரஜன் கொண்டு வந்துடறேன்."

"ரெண்டையும் ஒண்ணுலயே வச்சா?"

"ஆட்டு முட்டையையும் மனுஷத் திசுவையும் ஒரே திரவத்துல போடக் கூடாது. உனக்குத் தெரியாதா? போடலாம்னாலும் இடமில்ல."

 வீணா நிதானமாகவே சொன்னாள்.

"மேடம், ஒண்ணு சொல்றேன், கேளுங்க. பேஷண்ட் திசு எல்லாம் மெதுவா உறைய வச்சது. அத மைனஸ் எண்பது ஃப்ரீஸர்ல வைக்கலாம். சில மணி நேரத்துல ஒண்ணும் ஆகாது. என்னோடது அப்படி இல்ல. மைனஸ் எண்பதுக்கு வந்தாலே உள்ள ஐஸ் கட்டிடும், முட்டை கிழிஞ்சிடும். பேஷண்டோடத ஃப்ரீஸர்ல வச்சிட்டு நைட்ரஜனுக்குப் போங்க. ரெண்டும் பொழைக்கும்."

"ஒண்ணும் ஆகாதுன்னு யார் பாத்திருக்காங்க?"

"மத்த செல்லையெல்லாம் நாமளே ஒரு ராத்திரி முழுக்க அதுல வைக்கிறோமே."

"சினைப்பைத் திசுவ?"

 "யாரும் பண்ணிப் பாக்கல. ஆனா தாங்கும். உங்களுக்கே தெரியும் மேடம்."

"தாங்கலாம்னு தெரியும். தாங்கும்னு தெரியாது."

"அந்த ஒரு வார்த்தைக்காக என்னோட நாலு வருஷத்த ஓட்ட டேங்க்ல போடுவீங்களா?"

 வீணா சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும் என்று சங்கமித்ராவுக்கே தோன்றியது. கருத்தரங்கில் யாராவது கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியும் இருப்பாள். ஆனால் அந்தக் குப்பிகளின்மேல் பெயர்கள் எழுதியிருந்தன. அந்தப் பெண்களின் உடம்பில் மீதி இருந்த சினைப்பை மருந்தில் செத்துவிட்டது. இதை விட்டால் அவர்களுக்கு வேறு இல்லை.

"உன்னோடத திரும்பப் பண்ணலாம் வீணா. கஷ்டம்தான். ஆனா பண்ணலாம். அவங்களோடத பண்ண முடியாது."

"எனக்கு ப்ராஜெக்ட் மார்ச்சோட முடியுது. திரும்பப் பண்ண யார் விடப்போறாங்க?"

 சங்கமித்ரா கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு தாஸைப் பார்த்துத் தலையசைத்தாள். அவள் இரண்டாம் டேங்கின் மூடியில் கை வைத்ததும் வீணா குறுக்கே வந்தாள்.

"நீங்க தொடாதீங்க மேடம். நானே எடுக்கறேன்."

அவளே எடுத்தாள். நீளக் கைப்பிடி வைத்த கூடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, ஆவி வழிய வழிய, பனி பிடித்த டேங்குக்குள் இறக்கினாள்.  பேஷண்ட் கூடைகள் இரண்டாம் டேங்குக்குப் போய், கேனில் இருந்ததை ஒன்றாவதில் ஊற்றி முடிந்த பிறகு முகமூடிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றாள். சங்கமித்ராவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

ஓசூர் ரோடு அப்படி வெறிச்சோடிக் கிடந்து சங்கமித்ரா பார்த்ததே இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஒரே ஒரு பால் வண்டி. சந்தாபுரத்தில் கடைகள் ஷட்டர் இறக்கியிருந்தன. தாஸ் முன்சீட்டில் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மேடம், அத்திபெலேல யாராச்சும் நிறுத்தினா தமிழ்ல பேசாதீங்க. நானும் பேசல."

"கன்னடத்துலதான் பேசுவேன் தாஸ். அதுக்கு ஏன் பயப்படறீங்க?"

"தொண்ணூத்தொண்ணுல, தமிழாளுங்கள அடிச்சப்ப, நான் ஸ்ரீராமபுரத்துல இருந்தேன் மேடம்" என்றார் அவர்.  

அத்திபெலே எல்லையில் அப்போதுதான் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். கன்னடக் கொடியின் சிவப்பும் மஞ்சளுமாகத் துண்டு போட்டவர்கள் டயர் உருட்டிக்கொண்டு வந்தார்கள். மருத்துவமனை அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு கான்ஸ்டபிள் தடுப்பை நகர்த்தி விட்டார். சாலையின் அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்குள், லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. நைட்ரஜன் வண்டி டிரைவர் பச்சைமுத்து நிழலில் துண்டு விரித்துப் படுத்திருந்தவர் எழுந்து வந்தார்.

"நீங்களே வந்துட்டீங்களா மேடம்? கார்ல எல்லாம் எடுத்துட்டுப் போகக் கூடாதே. ஜன்னல மூடினீங்கன்னா மூச்சு முட்டிடும்."

"திறந்தே வச்சிருக்கோம். ரெண்டு கேன் கொடுங்க, போதும்."

பின்சீட்டை மடக்கி இரண்டு கேன்களையும் நிறுத்திக் கயிற்றால் கட்டினார்கள். தளர்வாக மூடியிருந்த கழுத்திலிருந்து வெள்ளை ஆவி கசிந்து இறங்கியது. அப்படித்தான் மூடவேண்டும், இறுக்கி மூடினால் வெடித்துவிடும்.

காரைத் திருப்பிக்கொண்டு எல்லைக்கு வந்தபோது நிலைமை மாறியிருந்தது. டயர்கள் எரிந்துகொண்டிருந்தன. சாலை முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கான்ஸ்டபிள் இருந்த இடத்தில் இன்ஸ்பெக்டர் நின்றார். சட்டைப் பையின்மேல் ப்ரஹ்லாத் என்று பெயர் இருந்தது. திறந்திருந்த ஜன்னல் வழியே புகை வருவதைப் பார்த்ததும் அவர் கை இடுப்புக்குப் போனது.

"ஏனு இது, மேடம்?"

சங்கமித்ரா இறங்கிக் கன்னடத்தில் விளக்கினாள். திரவ நைட்ரஜன், தீப்பிடிக்காது, ஆஸ்பத்திரிக்கு, புற்றுநோய் வந்த பெண்களுக்கு. அவர் பொறுமையாகத்தான் கேட்டார். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பெயரை இரண்டு முறை படித்தார்.

அதற்குள் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் எழுந்து வந்துவிட்டார்கள். "தமிழ்நாட்டிலிருந்து என்ன கொண்டு வராங்க?" என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் ஜன்னலுக்குள் தலையை விட்டு, ஆவி மூக்கில் பட்டதும் கத்திக்கொண்டு பின்வாங்கினான். ஆசிட் என்றது ஒரு குரல். கேஸ் என்றது இன்னொன்று. தாஸ் சீட்டில் இன்னும் கீழே சரிந்துகொண்டார். ஒருவன் காரின் பின்பக்கத்தைக் கையால் ஓங்கித் தட்டினான். கேன்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் கேட்டது.

"தட்டாதீங்க" என்றாள் சங்கமித்ரா. "கொட்டினா உங்க கால்தான் போகும்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. 'மிரட்டுகிறாள்' என்று குரல் எழும்பியது. அதுவரை வேடிக்கை பார்த்தவர்களும் எழுந்தார்கள். இன்ஸ்பெக்டர் அவளைக் காருக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தினார். ஜன்னலில் குனிந்து மெதுவாகச் சொன்னார்: அவள் சொல்வதை அவர் நம்புகிறார். ஆனால் புகை வரும் வண்டியை இந்தக் கூட்டத்துக்கு நடுவே அவரால் விட முடியாது. ஒரு கல் விழுந்தால் தடுக்க அவரிடம் இருப்பது ஏழெட்டு ஆட்கள். சாயங்காலம் வரை காத்திருக்கட்டும்.

"சாயங்காலம் வரைக்கும் அங்க டேங்க்ல இருக்கறது தாங்காது சார்."

"திரும்பிப் போங்க மேடம், தயவுசெய்து."

அவள் திரும்பினாள்.  லாரி வரிசைக்கு வந்ததும் பச்சைமுத்து ஓடி வந்தார். பாகலூர் போய், அங்கிருந்து சர்ஜாபுரம் ரோட்டைப் பிடிக்கச் சொன்னார்.

"ரோடு மோசம். ஆனா அங்க எவனும் உக்காந்திருக்க மாட்டான். பள்ளத்துல பாத்து விடுங்க, கேன் சாஞ்சிடப் போகுது."

மணி பதினொன்று ஆகியிருந்தது. பாகலூர் ரோட்டில் ரோஜாப் பண்ணைகளின் பிளாஸ்டிக் கூரைகள் வெயிலில் பளபளத்தன. ஒவ்வொரு குழியிலும் தாஸ் பின்னால் திரும்பி இரண்டு கேன்களையும் கையால் பிடித்துக்கொண்டார். வேகமாக ஓட்டினால் கேன் சாயும். மெதுவாகப் போனால் நேரம் போகும். தலை லேசாகக் கிறுகிறுத்தபோதெல்லாம் அவள் தலையை வெளியே நீட்டி மூச்சு வாங்கினாள்.

வீணாவுக்குப் போன் போட்டாள்.

"எப்படி இருக்கு?"

"மைனஸ் நூத்தி எழுபது. ஏறிட்டே இருக்கு."

"சர்ஜாபுரம் வழியா வரோம். அத்திபெலேல விடல."

"சரி மேடம்."

அவள் வைத்துவிட்டாள். மறுபடி மணி அடித்தபோது வீணாதான் என்று நினைத்துத் தாஸ் ஸ்பீக்கரில் போட்டார். ஷில்பா பேசினாள்.

"மேடம், சாரி, பந்த் அன்னைக்கு டிஸ்டர்ப் பண்றேன். மண்டே ஆபரேஷன் இருக்குல்ல? தள்ளிப் போகாதுல்ல?"

"இருக்கு ஷில்பா. தள்ளிப் போகாது."

"வீட்ல எல்லாரும் எதையாவது சொல்லிட்டே இருக்காங்க. கரண்டு போச்சுன்னா, அது கெட்டுப்போச்சுன்னா என்ன பண்ணுவாங்கன்னு மாமியார் கேக்கறாங்க. அது சேஃபா இருக்கா மேடம்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

சங்கமித்ரா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு டிராக்டர் எதிரே வந்தது. ஓரம் ஒதுங்கி, அது போன பிறகு சொன்னாள்.

"சேஃபா இருக்கும்மா. எதுவும் ஆகல அதுக்கு."

"தேங்க்ஸ் மேடம்."

தாஸ் போனை மடியில் வைத்துக்கொண்டார்.  அந்த ஒரு வார்த்தையைப் பொய் இல்லாமல் சொல்ல முடிந்ததற்கு யார் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

தொம்மசந்திரா தாண்டியதும் ஒரு கூட்டம் பைக்குகளில் கொடி பிடித்துக்கொண்டு போனது. அவர்களுக்குப் பின்னால் ஊர்ந்துதான் வரமுடிந்தது. வர்த்தூரில் குறுக்கே மரக்கிளை போட்டு அடைத்திருந்தார்கள். தாஸ் இறங்கி இழுத்துப் போட்டார். யாரும் வந்து கேட்கவில்லை.

ஆய்வுக்கூடத்துக்குள் கேனை உருட்டிக்கொண்டு அவர்கள் நுழைந்தபோது வீணா ஒன்றாம் டேங்குக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். டேங்கின் மூடி திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஆவி வரவில்லை.

"ஊத்த வேணாம் மேடம்" என்றாள். "வேஸ்ட். ரெண்டாவதுக்கு வச்சுக்கோங்க."

வெப்பமானியில் மைனஸ் அறுபத்தெட்டு என்று காட்டியது. சங்கமித்ரா முழங்காலிட்டு உட்கார்ந்தாள். என்ன சொன்னாலும் தகாது என்று தோன்றியது. ஆனாலும் "வீணா" என்று ஆரம்பித்தாள்.

"ஃப்ரீஸர்ல இடம் இருந்துச்சு. நீங்க போனதுக்கு அப்புறம் பாத்தேன். ரெண்டு தட்டு காலியா இருந்துச்சு. பேஷண்டோடத எடுத்து அதுல வச்சிட்டு என்னோடதத் திரும்ப மாத்திரலாம்னு தோணுச்சு. யாருமில்ல. நீங்க வர்றதுக்குள்ள திரும்ப எடுத்தும் வச்சிருக்கலாம். உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

 சங்கமித்ரா இரண்டாம் டேங்கைப் பார்த்தாள்.

"வைக்கல" என்றாள் வீணா. "மூடியத் திறந்தேன். ஷில்பா பேரு மேலயே இருந்துச்சு. மூடிட்டேன்."

எழுந்து, கை கழுவிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முட்டைகளைச் சங்கமித்ராவே மறுநாள் உருக்கிப் பார்த்தாள். ஒன்றும் தேறவில்லை. நிதி கொடுப்பவர்கள் வந்தபோது நடந்ததைச் சொல்லி, இன்னும் ஒரு வருஷம் கேட்டாள். அவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள், வருஷம் தரவில்லை. டேங்க் பழசு, மாற்றவேண்டும் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் நிர்வாகம் வாங்கித் தராததையும் கூட்டத்தில் சொன்னாள். அதன் பிறகு புது டேங்க் வந்தது. மார்ச் முடிவில் வீணா வைட்ஃபீல்டில் கருத்தரிப்புக்கான கரைசல்கள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். கிளம்புகிற அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். சங்கமித்ராவிடம் சாவியைக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

ஷில்பாவின் அறுவை சிகிச்சை சொன்ன திங்கட்கிழமையே நடந்தது. பிறகு வந்த மாதங்கள் சங்கமித்ராவுக்கு நரகமாக இருந்தன. மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, ஒன்றும் அசையவில்லை. வைத்த திசு பிடித்ததா, செத்ததா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஷில்பாவின் மாமியார் போனில் பேசும் தொனி மாறிக்கொண்டே வந்தது. ஐந்தாம் மாதம், அதுவரை எகிறியிருந்த, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன் அளவு இறங்க ஆரம்பித்தது. திசு வேலை செய்கிறது என்பதற்கு அது முதல் அடையாளம். அடுத்த மாதம் ஒரு காலையில் ஷில்பா கூப்பிட்டு, எடுத்ததுமே அழுதாள்.

"வந்துடுச்சு மேடம். பத்து வருஷத்துக்கு அப்புறம்."

சங்கமித்ராவுக்கும் அழுகை வந்தது. தாஸைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு சிரித்தார். அடுத்து வீணாவிடம் சொல்லவேண்டும் என்று தோன்றி அவளுடைய எண்ணை எடுத்துவிட்டு, கூப்பிடாமல் வைத்தாள். வெறும் கையோடு அவளிடம் போக முடியாது என்று பட்டது.

அதன் பிறகுதான் அந்தச் சோதனையை ஆரம்பித்தாள். சிகிச்சைக்கு உதவாது என்று ஒதுக்கி, ஆராய்ச்சிக்கு என்று பெண்கள் எழுதிக் கொடுத்திருந்த சினைப்பைத் துண்டுகள் கொஞ்சம் இருந்தன. பாதியை நைட்ரஜனிலேயே விட்டாள். பாதியை எடுத்து மைனஸ் எண்பது ஃப்ரீஸரில் காலையிலிருந்து மாலை வரை வைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். பிறகு இரண்டையும் உருக்கி, சீவி, சாயம் ஏற்றி, நுண்நோக்கியில் உயிர் தப்பிய முட்டைகளை எண்ணினாள். எது எந்தத் துண்டு என்று தனக்குத் தெரியாதபடி தாஸை விட்டு எண் போடச் சொல்லியிருந்தாள். எண்ணி முடித்துச் சேர்த்துப் பார்த்தபோது இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. வீணா சொன்னது சரி. அன்று இரண்டுமே பிழைத்திருக்கும்.

தாளை மடித்து வைத்தாள். அதை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. சொல்லாமல் விட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜோகுபாளையத்துக்குப் போனாள். வீணாவின் அம்மா வள்ளியம்மா கதவைத் திறந்து, முகம் மாறாமல் பார்த்துக்கொள்ளப் பாடுபட்டு, உட்காரச் சொல்லிவிட்டுக் காபி போடப் போனார். வீணா உள்ளேயிருந்து ஈரத் தலையோடு வந்தாள்.

"ஷில்பாவுக்குப் பீரியட்ஸ் வந்துடுச்சு" என்றாள் சங்கமித்ரா.

"தாஸ் அண்ணன் சொன்னாரு. சந்தோஷம் மேடம்." அது உண்மையாகவே இருந்தது.

சங்கமித்ரா லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினாள். வீணா நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள். காபி வந்து ஆறியது.

"இத ஏன் எங்கிட்ட கொண்டு வந்தீங்க?"

"நீ சொன்னது சரி. உனக்குத் தெரியணும்."

"எனக்கு அன்னைக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாது."

வீணா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் காலைக்குப் பிறகு முதல் முறையாக நேராகப் பார்த்தது அப்போதுதான். "இந்த ரிசல்ட் எல்லாம் இல்லாம, அதே நாள் திரும்ப வந்தா என்ன பண்ணுவீங்க?"

சங்கமித்ரா யோசித்தாள். வேறு பதில் சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று தெரிந்தது.

"அதையேதான் பண்ணுவேன்."

உள்ளே வள்ளியம்மா பாத்திரத்தை வைக்கும் சத்தம் கேட்டது. தெருவில் ஒரு ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாமல் இருமிக்கொண்டிருந்தது. வீணா மறுபடி திரைக்குத் திரும்பினாள். கோபமா, வேறு ஏதாவதா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை.

"இது மூணு பேஷண்டோட திசுதான்" என்றாள் கடைசியில். "மூணு போதாது. இத வச்சு எந்த ஜர்னலும் ஒத்துக்காது. ஒத்துக்கவும் கூடாது. நாளைக்கு எவனோ இதப் படிச்சிட்டு ஃப்ரீஸர்ல வச்சு, தாங்கலன்னா?"

"இன்னும் திசு இருக்கு. எண்ணத்தான் ஆள் இல்ல."

"நீங்க எண்ணினதுல மூணாவது படம் தப்பு மேடம். அது செத்த முட்டை. உயிரோட இருக்குன்னு போட்டிருக்கீங்க."

"எங்க, காட்டு."

வீணா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினாள்.